காற்றடைத்த பான்டூன் படகில் மீன்பிடிப்பு: வேலூர்ப் பக்கத்து ஏரிகளுக்கான கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகிவிட்டது. தூண்டில் போடுகிறவர்களுக்கு மட்டும் அது இன்னும் ஒரே ஊர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவோம். மீனோ கரையிலிருந்து எட்டாத தூரத்தில், கருவேல மரங்களுக்கு நடுவே துள்ளும். அப்போதுதான் படகு ஆசை வரும். அந்த ஆசை வந்தவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் நம் பக்கத்து வெயிலையும் முள்ளையும் மனதில் வைத்து எழுதியவை. வெளிநாட்டு வீடியோக்களில் இந்த இரண்டைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

பான்டூன் படகு என்றால் என்ன? கடையில் கிடைக்கிற ரப்பர் படகும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரப்பர் படகு என்று நாம் சொல்வது தொட்டி மாதிரி இருக்கும். சுற்றிலும் காற்று வளையம், நடுவில் மெல்லிய தரை, அதில் உட்கார வேண்டும். இன்டெக்ஸ் போன்ற நிறுவனங்களின் வினைல் படகுகள் இந்த வகை.

பான்டூனில் பெரிய வாழைத்தண்டு போல இரண்டு டியூப்கள் தனித்தனியாக மிதக்கும். அவற்றை இணைக்க மேலே ஒரு இரும்பு அல்லது அலுமினிய பிரேம். பிரேமில் நாற்காலி, கால் வைக்கக் கம்பி, இரண்டு பக்கமும் துடுப்பு. ஒருவர் போகிற படகு பெரும்பாலும் 8 முதல் 9 அடி நீளம், 25 முதல் 35 கிலோ எடை இருக்கும். உட்காருமிடம் தண்ணீருக்கு மேலே உயரமாக இருப்பதால் பேண்ட் நனையாது, தூரம் தெரியும், தூண்டில் வீசவும் வசதி. ஒரு டியூப் போனாலும் இன்னொன்று மிதக்கும். எனக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

லாரி டியூப், தெர்மாகோல் எல்லாம் இருக்கும்போது இதற்குக் காசு கொட்ட வேண்டுமா?

வலை போடுகிற தொழில்காரர்கள் லாரி டியூபிலும் தெர்மாகோல் பலகையிலும் பல வருடங்களாகப் போய்வருகிறார்கள். அவர்களுக்கு அந்த ஏரியின் ஒவ்வொரு குழியும் தெரியும், நீச்சலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரைப் பார்க்கிற நமக்கு அது பொருந்தாது. டியூபில் கால் தண்ணீருக்குள் தொங்கும். அடியில் மூழ்கிக் கிடக்கிற முள்கிளைகள் காலைக் கிழித்துவிடும். பரிசல் நல்ல மிதவைதான். ஆனால் தனியாள் ஒரு கையில் துடுப்பும் இன்னொரு கையில் ராடும், அதாவது தூண்டில் கம்பும், வைத்துக்கொண்டால் அது வட்டமடித்துக்கொண்டே இருக்கும்.

மாதத்துக்கு ஒருமுறைகூடப் போக மாட்டீர்கள் என்றால் வாங்க வேண்டாம். கரையிலிருந்தே போடுங்கள்.

எந்த ஏரியில் வேண்டுமானாலும் இறக்கலாமா? யாரைக் கேட்க வேண்டும்?

பெரிய ஏரிகள் நீர்வளத்துறையிடம், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடம். மீன் பிடிக்கிற உரிமை வேறு கணக்கு. அது ஏலத்தில் போய் ஒருவர் கையில் குத்தகையாக இருக்கும். அவர் குஞ்சு வாங்கி விட்டு, காவலுக்கு ஆள் போட்டு, மாசியிலோ பங்குனியிலோ வலை போட்டுக் காசு பார்க்கக் காத்திருப்பார். அவரிடம் கேட்காமல் படகோடு நடு ஏரிக்குப் போனால் அவர் பார்வையில் அது திருட்டு. அவர் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

முதலில் படகில்லாமல் வெறுங்கையோடு போங்கள். கரையோர டீக்கடையில் விசாரித்தாலே குத்தகைக்காரர் யார் என்று சொல்லிவிடுவார்கள். "அண்ணே, தூண்டில்ல மட்டும்தான், பிடிக்கிறத உங்ககிட்ட காட்டிட்டு எடைக்குக் காசு கொடுத்துடறேன்" என்றால் பேச்சு சுலபமாக முடியும். விராலுக்கு விலை அதிகம் என்பதால் அதை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். அவர் சரி என்றாலும் படகு விடத் துறையின் அனுமதி தனி. நீர்வளத்துறை பிரிவு அலுவலகத்திலோ ஊராட்சியிலோ கேட்டு, எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டால் காவலர் வந்து கேட்கும்போது உதவும். குடிநீருக்கு எடுக்கிற ஏரியில் இறங்கவே வேண்டாம்.

அணைகள் வேறு. குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை காட்டை ஒட்டியது. அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம், யானை நடமாட்டம் உள்ள இடம். சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. வனத்துறையின் முதலைப் பண்ணையே அங்கேதான் இருக்கிறது. காற்றடைத்த படகை அங்கே கொண்டுபோகிற யோசனையை விட்டுவிடுங்கள். ஏலகிரி புங்கனூர் ஏரியில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. அது சொந்தப் படகுக்கான இடமில்லை.

பாலாற்றில் விடலாமா?

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் பாலாற்றில் மணலும் முள்செடியும்தான். தண்ணீர் வந்தால் வெள்ளமாக வரும். 2021 நவம்பரில் வந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஓட்டத்தில் துடுப்பு எதுவும் செய்யாது. ஓடுகிற தண்ணீரில் வேண்டாம்.

மீனைச் சாப்பிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததும், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொன்னதும் ஊரறிந்த கதை. கழிவுநீர் கலக்கிற குட்டைகளில் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

என் எடை 95 கிலோ. எந்த அளவு வாங்கலாம்?

9 அடி, அதற்குக் கீழே வேண்டாம். கணக்கு இதுதான். 16 அங்குலம், அதாவது சுமார் 40 செ.மீ. விட்டமுள்ள 9 அடி டியூப் ஒன்றில் ஏறக்குறைய 340 லிட்டர் காற்று. இரண்டும் சேர்த்து 680 லிட்டர். முனைகள் கூம்புவதைக் கழித்தால் 550, 600 என்று வைத்துக்கொள்ளலாம். முழுவதும் மூழ்கினால்தான் அத்தனை கிலோ தாங்கும். நமக்கு டியூப் பாதிக்கு மேல் மூழ்கக் கூடாது. ஆக 280, 300 கிலோ. அதில் படகின் எடை 35ஐக் கழித்து, அலைக்கும் ஆட்டத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் நிறுவனங்கள் போடுகிற 160, 180 கிலோ வரும்.

அட்டையில் போட்டிருக்கிற எடையில் முக்கால் பங்குதான் உங்கள் வரம்பு. 95 கிலோ ஆளோடு தூண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், நங்கூரம் எல்லாம் சேர்ந்தால் 120 தாண்டிவிடும். பேட்டரியும் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் பெரியது பாருங்கள்.

அதே சமயம் பெரிதாக வாங்கினால் தூக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏரிக்கரை மேட்டில் ஏறி, கல் பாவிய சரிவில் இறங்கி, சேற்றில் நடந்து தண்ணீரைத் தொட வேண்டும். 35 கிலோவைத் தனியாகச் சுமந்து இதைச் செய்ய முடியாதவர்கள் பிரேமையும் டியூபையும் தனித்தனியாக இரண்டு நடையில் கொண்டுபோய்க் கீழேயே பூட்டிக்கொள்ளலாம். நட்டும் ஸ்பேனரும் கேட்கிற பிரேமைவிட, கையால் அழுத்திப் பூட்டுகிற பட்டன் வைத்த பிரேம் இதற்கு வசதி.

டியூபில் பிளாடர் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது?

பிளாடர் வகையில் வெளியே தடித்த துணி உறை, உள்ளே தனியாகக் காற்றுப் பை. முள் குத்தி உள்பை ஓட்டையானால் உறையின் ஜிப்பைத் திறந்து வேறு பை போடலாம். ஆனால் அந்தப் பை இங்கே கிடைக்க வேண்டுமே. வெளியிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஜிப்பில் மண் ஏறினால் அது தனித் தலைவலி.

பிளாடர் இல்லாத வகையில் தடித்த பிவிசி துணியே நேரடியாகக் காற்றைத் தாங்கும். 0.9 மி.மீ. அளவுக்குத் தடிமன் இருந்தால் நல்லது. மூட்டுகள் பசையால் ஒட்டியவையா, சூட்டில் இணைத்தவையா என்று கேளுங்கள். நம் வெயிலில் பசை மூட்டுதான் முதலில் விடும். சூட்டில் இணைத்ததையே வாங்குங்கள். பஞ்சர் ஆனால் வெளியிலிருந்தே ஒட்டிவிடலாம் என்பது இன்னொரு வசதி. வேலூருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். விலை கூடும். துடுப்பிலும் நாற்காலியிலும் மிச்சம் பிடியுங்கள், டியூபில் வேண்டாம்.

நிறம்? வெளிர் சாம்பல், வெளிர் பச்சை. கறுப்பு டியூபை மே மாதத்தில் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

பிரேமை இங்கேயே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் பைப் வளைத்து வெல்டிங் செய்கிற பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 25 மி.மீ. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பைப் போதும். வரைபடம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் காற்றடித்த டியூபையே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். டியூபைத் தொடுகிற இடத்தில் வெல்டிங் பிசிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது, முனை எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியான பிறகு காசு கொடுங்கள். பிரேமுக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய தோல் துண்டு வைத்துக் கட்டினால் உராய்வு இருக்காது. ஆம்பூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அதற்கும் செலவில்லை.

காற்று எவ்வளவு அடைக்க வேண்டும்? நன்றாக அடித்துவிட்டுப் போனேன், தண்ணீரில் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஓட்டையா?

பெரும்பாலும் ஓட்டை இல்லை. வெயிலின் வேலை.

இந்த டியூப்களுக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ காற்றழுத்தம்தான் தேவை. சரியான அளவு உங்கள் படகின் வால்வு அருகில் அச்சிட்டிருக்கும். அடைத்த காற்றின் அழுத்தம் சூட்டோடு ஏறும், குளிர்ச்சியில் இறங்கும். கரையில் மத்தியான வெயிலில் உள்காற்று 45 டிகிரியில் இருக்கும்போது 2.5 அடைத்தீர்கள் என்று வையுங்கள். 28 டிகிரி தண்ணீரில் இறக்கியதும் அது ஏறக்குறைய 1.6க்கு இறங்கிவிடும். டியூப் மெத்தென்று ஆகும், பிரேம் தொய்யும், நேராகத் துடுப்புப் போட்டாலும் படகு கோணலாகப் போகும்.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். காலை 27 டிகிரியில் 2.5 அடைத்துவிட்டு, மீன் பிடித்து முடித்து, படகை அப்படியே கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 4.4. மூட்டு விடுவது, வால்வு பிதுங்குவது எல்லாம் இப்படிக் கரையில் நிறுத்தியிருக்கும்போதுதான் நடக்கும், தண்ணீரில் அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். விடியற்காலையில் கரையில் முக்கால் அளவு அடையுங்கள். தண்ணீரில் இறக்கி ஒரு கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள், அப்புறம் மீதியை அடையுங்கள். பம்பை எப்போதும் படகில் வைத்திருங்கள். கரையேறிய உடனே ஒவ்வொரு டியூபிலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள். 'உஸ்' என்று நான்கைந்து நொடி போனால் போதும். நிழல் கிடைத்தால் நிழலில் வையுங்கள். ஒரு ஈரக் கோணிப்பை மேலே போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

சைக்கிள் பம்ப் போதுமா? பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாமா?

சைக்கிள் பம்ப் ஒரு அழுத்துக்கு மூன்றில் ஒரு லிட்டர்கூடத் தராது. 600 லிட்டருக்கு எத்தனை அழுத்து என்று கணக்குப் போட்டாலே கை வலிக்கும். பங்கில் இருப்பது வண்டி டயருக்கான அழுத்தம், அது 30 பிஎஸ்ஐ தாண்டி நிற்கிற காற்று. 3 பிஎஸ்ஐ டியூபுக்கு அதன் பக்கமே போகக் கூடாது. மேலே இழுக்கும்போதும் கீழே அழுத்தும்போதும் காற்றுத் தருகிற பெரிய கைப்பம்ப் வாங்குங்கள். காரில் போகிறவர்கள் 12 வோல்ட் மின்பம்பால் பருமனுக்குக் கொண்டுவந்து, கைப்பம்பில் முடிக்கலாம். ஒரு அழுத்தமானி அவசியம்.

முள்ளுக்கு என்ன வழி?

இந்தப் பக்கத்தில் படகு வைத்திருப்பவரின் முழு நேரக் கவலை இதுதான். ஏரிகளின் உள்வாயில் கருவேல மரங்கள், கரை முழுக்க சீமைக் கருவேலம். சீமைக் கருவேல முள் காய்ந்தால் ஆணி மாதிரி செருப்பைத் துளைத்து வரும். பச்சை முள்ளைவிட விறகு வெட்டியவர்கள் விட்டுப்போன காய்ந்த கிளைகளில்தான் ஆபத்து. அவை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

படகைப் பிரிக்கிற இடத்தில் முதலில் தடித்த தார்ப்பாயோ பழைய பேனர் துணியோ இரண்டாக மடித்து விரியுங்கள். அதற்கும் முன்னால் இடத்தை ஒரு கிளையால் பெருக்குங்கள். காற்றடித்த படகை ஒருபோதும் தரையில் இழுக்காதீர்கள், ஆளுக்கொரு முனையாகத் தூக்குங்கள். தூக்க ஆளில்லை என்றால் தண்ணீர் ஓரத்தில் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும்.

தண்ணீருக்குள் மூழ்கிய மரங்கள் எங்கே என்று கோடையிலேயே பார்த்து வையுங்கள். வைகாசியில் ஏரி வற்றிக் கிடக்கும்போது உள்ளே ஒரு நடை நடந்து, கட்டைகளும் குழிகளும் இருக்கிற இடங்களை போனில் படம் எடுத்துக்கொண்டால், மழைக்குப் பிறகு முள்ளும் தெரியும், விரால் நிற்கிற இடமும் தெரியும். இத்தனை சுலபமான உளவு வேலை ஆற்று மீனவர்களுக்குக் கிடைக்காது.

டியூபின் அடியிலும் முன்முனையிலும் கூடுதலாக ஒரு பிவிசி பட்டை ஒட்டிக்கொள்ளலாம். பஸ் சீட், தார்ப்பாய் தைக்கிற கடைகளில் லாரிக்குப் போடுகிற தடித்த துணி வாங்கி உறையாகவும் தைத்துக்கொள்ளலாம். கனம் கூடும், வேகம் குறையும். குறையட்டும்.

முள் என்றால் மரத்து முள் மட்டுமில்லை. கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளும், ஜிலேபியின் முதுகு முள்ளும் டியூபுக்கு ஆகாது. மீனைத் தூக்கி மடியில் போடாமல் கைவலையோடு நேராகப் பெட்டிக்குள் போடுங்கள்.

துடுப்பு போதுமா, மோட்டார் வேண்டுமா?

துடுப்பு போதும். 6 முதல் 7 அடி, இரண்டாகப் பிரிகிற அலுமினியத் துடுப்பு. பிரேமோடு ஒரு கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும். நடு ஏரியில் துடுப்பு நழுவினால் கையால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பு வெளிநாட்டில் பழக்கம். நம் ஏரியில் தண்ணீருக்குள் காலை விடுவதை நான் சொல்ல மாட்டேன்.

மோட்டார்தான் வேண்டும் என்றால் 12 வோல்ட் மின்மோட்டார், 30 பவுண்டு தள்ளுவிசை தாராளம். முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரம் வரும், பாதி வேகத்துக்கும் கீழே ஓட்டினால் நான்கு மணி நேரம்வரை தாங்கும். எடையும் ஆறேழு கிலோதான். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அது 50 கிலோவுக்கு மேல், உள்ளே ஆசிட். வேண்டாம். ஆகாயத்தாமரை, பாசி நிறைந்த ஏரியில் மோட்டார் இறக்கை பத்தடிக்கு ஒருமுறை சிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அனுமதி கேட்கப் போகும்போதும் 'துடுப்புப் படகு' என்றால் கிடைக்கிற முகம் வேறு, 'மோட்டார்' என்றால் வேறு.

நங்கூரம்?

கொக்கி வைத்த நங்கூரம் மூழ்கிய மரத்தில் மாட்டினால் திரும்ப வராது. மூன்று நான்கு கிலோ வெறும் எடை போதும். பழைய டம்பெல் ஒன்று நன்றாக வேலை செய்யும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்கு. கயிற்றின் மேல்முனையை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடுங்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் உறையோடு ஒரு கத்தி. நங்கூரக் கயிற்றைப் படகின் பக்கவாட்டில் கட்டாதீர்கள், முனையில் கட்டுங்கள்.

வேறு என்னென்ன மாட்டலாம்?

குறைவாக. ராடு தாங்கி ஒன்று, அல்லது இரண்டு. ஒன்று கையில், ஒன்று தாங்கியில், அதற்கு மேல் ராடு கொண்டுபோனால் தூண்டில் நரம்பு சிக்குவதைப் பிரிக்கவே நேரம் போகும். தாங்கியைத் துடுப்பு இடிக்காத கோணத்தில், தோளுக்குப் பின்னால் வையுங்கள். நாற்காலிக்குப் பின்னால் ஐஸ் பெட்டி, கனமான எதுவும் நடுவில் இருக்க வேண்டும். தூண்டில் முள், லூர் (செயற்கை இரை) எல்லாம் மூடியுள்ள பெட்டியில். டியூபின் மேல் முள்ளை வைக்கிற பழக்கம் முதல் நாளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் தேடும் மானி? பத்தடி ஆழத்துக்கு உட்பட்ட ஏரிக்கு அது வீண் செலவு. அந்தக் காசில் நல்ல குடையோ, இரண்டு பேருக்குப் பிரியாணியோ வாங்கலாம். இல்லை, குடையும் வேண்டாம். காற்றில் அது பாயாகிப் படகையே இழுத்துப் போகும். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

எனக்கு நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

ஆமாம். பாசியும் தாமரைக் கொடியும் காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது. ஜாக்கெட்டில் 50 நியூட்டன், 100 நியூட்டன் என்று போட்டிருக்கும். 50 நீச்சல் தெரிந்தவர்க்குத் துணை மட்டுமே. 100 மயங்கினாலும் முகத்தை மேலே திருப்ப முயலும். 100 வாங்குங்கள். வியர்க்கும்தான். நாற்காலியில் மடித்துப் போடாமல் மாட்டிக்கொண்டு பட்டையை இறுக்குங்கள்.

காற்று, மழை?

காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியில் மதியத்துக்கு மேல் எழுகிற அலை கரையிலிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரியும். மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பல்லவ ஏரி அது, கடல் மாதிரி விரிந்து கிடக்கும். இந்தப் படகு தண்ணீரில் சில அங்குலம்தான் இறங்குவதால் காற்று சுலபமாகத் தள்ளும். அதனால் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்த மாதம் படகுக்கு ஓய்வு கொடுங்கள்.

கோடையில் சாயங்காலம் மேகம் கறுத்து முதல் இடி கேட்டதும் ராடை மடக்கிவிட்டுக் கரைக்கு வாருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வெட்ட வெளித் தண்ணீரில் அதை நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஏரி கோடி போகும்போது, அதாவது நிரம்பி வழியும்போது, போகலாமா?

கோடி போகிற ஏரியில் மீன் நன்றாக நடமாடும், உண்மை. ஆனால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற கடைவாசல் பக்கம் ஓட்டம் மேலே அமைதியாகவும் அடியில் வேகமாகவும் இருக்கும். படகு அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் துடுப்பால் மீட்க முடியாது. கோடி ஓய்ந்த பிறகு போங்கள். மதகு திறந்திருக்கும்போது அதன் அருகிலும் அதே கதைதான். உறிஞ்சுகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிறார்களா என்று கரையில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

படகிலிருந்து விரால், கட்லா பிடிப்பதில் என்ன வித்தியாசம்?

விராலுக்குத்தான் இந்தப் படகு பிறந்தது. சத்தமில்லாமல் தாமரை இலை ஓரம்வரை போய், உட்கார்ந்த இடத்திலிருந்தே தவளை லூரை இலைமேல் போட்டு இழுக்கலாம். 7 அடி ராடு, 30 பவுண்டுக்கு மேல் இழுவை தாங்குகிற பின்னிய நரம்பு. அடித்ததும் உடனே வெட்டி இழுக்காமல் ஒரு நொடி விடுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேலே கொப்பளிப்பது தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே லூர் போட்டால் கோபத்தில் அடிக்கும், பிடித்தும் விடலாம். ஆனால் காவல் போனால் அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் முடித்துவிடும். நகர்ந்து போய்விடுங்கள்.

கட்லா, ரோகுவுக்கு நங்கூரம் போட்டு உட்கார வேண்டும். தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் மைதா பிசைந்த உருண்டை வழக்கம்போல. பெரிய கட்லா மாட்டினால் படகையே இழுக்கும். நங்கூரத்தை எடுத்துவிட்டு இழுக்கவிடுங்கள், அது தானாகக் களைக்கும். எழுந்து நிற்க வேண்டாம்.

பாம்பு ஏறினால்?

ஏரியில் நீந்துவது பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்பு, விஷமில்லை. துடுப்பை நீட்டினால் விலகும். கவலைப்பட வேண்டியது இருட்டில் கரையேறி நடக்கும்போது. ஷூவும் டார்ச்சும் அதற்குத்தான்.

பஞ்சர் ஒட்டுவது எப்படி?

சைக்கிள் கடைப் பசை பிவிசியில் நிற்காது. பிவிசிக்கான இரண்டு பகுதிப் பசை வேண்டும். ஷாம்பு கரைத்த தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிற இடத்தைப் பேனாவால் குறியுங்கள். காற்றை முழுவதும் இறக்கி, அசிட்டோன் கொண்டு துடைத்து, ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வருகிற வட்டத் துண்டை ஒட்டுங்கள். மூலையுள்ள சதுரத் துண்டு பிய்ந்து வரும். ஒரு நாள் முழுக்கக் கனம் வைத்து விடுங்கள். டயருக்குப் போடுகிற சிலிக்கான் பாலிஷைப் பளபளப்புக்காக டியூபில் பூசியிருந்தால் எந்த ஒட்டும் பிடிக்காது, அதை வாங்கவே வேண்டாம்.

வீட்டில் எங்கே வைப்பது?

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் உள்ள பரண் வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பாசியைக் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள். டிரம் எலிக்காக. கழுவுவது அடுத்த ஏரிக்காகவும்தான். ஒரு துண்டு ஆகாயத்தாமரை ஒட்டிக்கொண்டு போனாலே போதும், அந்த ஏரியும் மூடிவிடும்.

பழையது ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம். புதிதாக வெளியிலிருந்து வரவழைத்தால் 30 கிலோ சுமைக்கான கூலியும் சுங்க வரியும் சேரும், அதைப் பார்க்கும்போது பழையது லாபம்தான். முதல் நாள் சாயங்காலமே காற்றடித்து வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் அதே குளிர்ந்த நேரத்தில் போய் அழுத்திப் பாருங்கள். மூட்டு ஓரங்களில் நகத்தால் நெருடினால் பசை தூளாக உதிர்கிறதா? துணி கையில் பிசுபிசுவென ஒட்டுகிறதா? இரண்டில் எது இருந்தாலும் வெயில் அதைத் தின்றுவிட்டது, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஒட்டுகள் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, அவை டியூபின் நடுவில் இருக்கிற வரை. மூட்டின் மேலோ வால்வைச் சுற்றியோ ஒட்டு இருந்தால் பிரேமுக்கும் துடுப்புக்கும் மட்டும் விலை பேசுங்கள்.